பழைய நீள அளவுகளுக்கு ஜிஎன்யு யூனிட்ஸ்: ஒரு மதிப்பீடு

பழைய நீள அளவுகளை மாற்றித் தரும் மென்பொருள் எதுவாக இருந்தாலும், அது காட்டும் எண் எந்த வரையறையிலிருந்து பிறந்தது என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். பழைய பாரிஸ் அடி 32.48 செ.மீ., இன்றைய பன்னாட்டு அடி 30.48 செ.மீ. என்றிருக்க, எந்த அடி என்று சொல்லாமலே விடை தரும் மாற்றிகளை ஆவண வேலைக்கு நம்ப முடியாது. ஜிஎன்யு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் இலவச நிரலான 'யூனிட்ஸ்' இந்த விஷயத்தில் தனித்து நிற்கிறது.

இது கட்டளை வரியில் இயங்குவது. கையிலுள்ள அளவை முதலிலும் வேண்டிய அலகை அடுத்தும் தட்டச்சு செய்தால் விடை வந்துவிடும். அதைவிடப் பயனுள்ளது, அலகின் பெயருக்கு முன் 'ஹெல்ப்' என்று சேர்த்துக் கொடுப்பது. வரையறைக் கோப்பில் அந்த அலகு எழுதப்பட்டுள்ள இடமே திரையில் திறக்கும். பாரிஸ் அடியைத் தேடினால் 144/443.296 மீட்டர் என்ற பின்னம் அப்படியே நிற்கிறது. 1799-இல் பிரான்சு மீட்டரின் நீளத்தை 443.296 லீஞ் (பழைய பிரெஞ்சு நீள அலகு) எனச் சட்டப்படி நிர்ணயித்தது. ஓர் அடிக்கு 144 லீஞ். ஆகவே அந்தப் பின்னம் யாரோ அளந்து சொன்ன தோராயமன்று, சட்டத்திலிருந்து நேராக வந்தது. அதைத் தசமமாக வெட்டிச் சுருக்காமல் விட்டிருப்பதிலேயே தொகுத்தவரின் அக்கறை தெரிகிறது.

அமெரிக்க நில அளவையில் வழங்கிய சர்வே அடியையும் இதே கவனத்தோடு கையாண்டிருக்கிறார்கள். பன்னாட்டு அடி 1959-இலிருந்து 0.3048 மீட்டர், சர்வே அடியோ 1200/3937 மீட்டர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான் என்றாலும், பத்து லட்சம் அடி வரை எட்டும் நில ஆயத்தொலைவுகளில் அது 61 செ.மீ. வரை வளர்ந்து எல்லைக்கல்லையே நகர்த்திவிடும். சர்வே அடி 2022 இறுதியோடு அதிகாரப்பூர்வப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டாலும் பழைய வரைபடங்கள் அதில்தான் இருக்கின்றன என்பதால், இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருப்பது அவசியமானது. 1852 மீட்டர் கொண்ட பன்னாட்டுக் கடல் மைலும் 6080 அடி கொண்ட பழைய பிரிட்டிஷ் கடல் மைலும் அவ்வாறே பிரிக்கப்பட்டுள்ளன. சங்கிலி, ஃபர்லாங், ஃபாதம் போன்ற பழைய ஆங்கில நீள அளவுகளில் சிக்கலே இல்லை.

குறை எனக்குப் பட்டது தொன்மையான அளவுகளில்தான். எகிப்திய அரச முழத்துக்கு 20.63 அங்குலம் என்று எழுதி, 0.2 அங்குலம் கூடலாம் குறையலாம் என்ற குறிப்பையும் அருகிலேயே வைத்திருக்கிறார்கள். ஆனால் கணக்கிடும்போது நிரல் அந்தக் குறிப்பைக் கண்டுகொள்வதில்லை. கீசாவின் பெரிய பிரமிடின் அடிப்பக்கமான 440 முழத்தைக் கொடுத்தால் 230.56088 மீட்டர் என்று எட்டு இலக்கங்களில் பதில் வருகிறது. முழத்தின் நீளத்திலேயே அரை சென்டிமீட்டர் ஐயம் இருக்கையில், மில்லிமீட்டரையும் தாண்டிய இந்தத் துல்லியம் படிப்பவரைத் தவறான உறுதிக்கு இட்டுச் செல்லும். பண்டைய கிரேக்க அறிஞர் எராட்டோஸ்தனீஸ் பூமியின் சுற்றளவாகச் சொன்ன 2,52,000 ஸ்டேடியத்தின் (பழைய கிரேக்க நீள அலகு) நிலையும் இதுவே: ஸ்டேடியத்தை 157.5 மீட்டராகக் கொண்டால் அது 39,690 கி.மீ., 185 மீட்டராகக் கொண்டால் 46,620 கி.மீ. எதை எடுப்பது என்பதை வரலாற்று ஆய்வுதான் சொல்ல வேண்டும். எந்த மாற்றியிலும் அதற்கு விடை கிடைக்காது.

முழத்தில் கண்ட போலித் துல்லியத்தைத் தவிர்க்க வழியும் நிரலிலேயே இருக்கிறது. நமக்கு வேண்டிய அலகுகளைத் தனிக் கோப்பில் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். முழத்தின் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் இரண்டு அலகுகளாக வரையறுத்து அதே கணக்கை இருமுறை போட்டால், பிரமிடின் பக்கம் 228.3 மீட்டருக்கும் 232.8 மீட்டருக்கும் இடைப்பட்டது என்று வரும். நேரில் அளந்து கண்ட ஏறத்தாழ 230.3 மீட்டர் அதற்குள் அடங்கிவிடுகிறது.