கொல்லிமலையில் உடைந்த பட்டை, நாமக்கல்லில் நடந்த வைத்தியம்

எங்களுடையது டாடா 407 சேஸில் கட்டிய கேரவன். பள்ளிக்கூட வேனாக ஓடிக்கொண்டிருந்ததை வாங்கி, கரூரில் புதுப் பாடி கட்டினோம். இரண்டு பேர் படுக்க இடம், சின்னச் சமையல் மேடை, கழிப்பறை, 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கூரையில் சோலார். நான் திருச்சியில் பாய்லர் வேலைகளில் வெல்டிங் சோதிக்கும் பிரிவில் 27 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்தவர் போட்ட வெல்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிய ஆள். ஆனால் சொந்த வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க மட்டும் எனக்கு நேரமே வந்ததில்லை. நாமக்கல்லில் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வேலை செய்யும் ஒரு கடையைப் பற்றிய இந்த விமர்சனத்தை அந்த வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

தை மாதக் கடைசியில் கொல்லிமலை போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியிருப்போம். இடது பின்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். அடுத்த வளைவில் மறுபடியும். "ஏங்க, குக்கர் உருளுதா?" என்று கேட்டுக்கொண்டே என் மனைவி எழுந்து போய்ப் பார்த்தாள். குக்கர் கட்டிப்போட்ட இடத்திலேயே இருந்தது. அடிவாரத்தில் காரவள்ளியில் சமதரையில் நிறுத்திப் பார்த்தேன். வலது பக்கம் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் என் கை தாராளமாகப் போனது. இடது பக்கம் விரல்கள்தான் போயின. குனிந்து டார்ச் அடித்தால், வண்டியைத் தாங்க ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கும் கமான் பட்டைகளில், மேலே இருக்கும் மெயின் பட்டைக்கு அடுத்த இரண்டாவது பட்டை இரண்டாக உடைந்து, உடைந்த துண்டு கட்டைவிரல் அகலத்துக்கு வெளியே நகர்ந்து நின்றது.

காளப்பநாயக்கன்பட்டி டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் குனிந்து பார்த்துவிட்டு, "மெயின் பட்டை நிக்குதுங்க. இருவதுல உருட்டிட்டே நாமக்கல் போயிருங்க" என்று சொல்லி, பரமத்தி ரோட்டில் ஒரு பட்டைக் கடைக்கு வழியும் சொன்னார். நான் எழுதப்போவது அந்தக் கடையைப் பற்றித்தான். பெயரைப் போட வேண்டாம் என்று மேஸ்திரியே கேட்டுக்கொண்டார். "இருக்கற லாரியவே நிறுத்த எடமில்லீங்க, இதுல நீங்க வேற எழுதி விட்டுராதீங்க" என்றார். பரமத்தி ரோட்டில் லாரிக்காரர் யாரைக் கேட்டாலும் கைகாட்டுவார்கள்.

கடை என்றால் ஒரு தகரக் கொட்டகை, முன்னால் மண்தரை, ஓரத்தில் பழைய பட்டைகள் விறகு மாதிரி அடுக்கியிருக்கும். மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். உதவிக்கு இரண்டு பையன்கள். நாங்கள் போனபோது ஒரு பத்துச் சக்கர லாரிக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. எங்கள் வண்டியைப் பார்த்ததும் பையன்கள் சிரித்தார்கள். ஜன்னலில் பூப்போட்ட திரை போட்ட வண்டி அந்தக் கொட்டகைக்கு வந்ததே இல்லையாம்.

மேஸ்திரி விலை சொல்லவில்லை. முதலில் உடைந்த பட்டையைக் கழற்றி வெயிலுக்கு எடுத்து வந்து, உடைந்த முகத்தை என்னிடம் காட்டினார். அந்த முகத்தை நன்றாகப் பார்த்தேன். மேல் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பாதியாக வெட்டி வைத்தது போல ஒரு கறுப்புத் துருத் திட்டு. மீதி முழுக்கச் சர்க்கரை உடைத்தது போலச் சாம்பல் நிறத்தில் பளபளப்பு. கறுப்பு திட்டு பழைய விரிசல், பல மாதம் தண்ணீர் குடித்துத் துருப்பிடித்தது. பளபளப்பு அன்றைக்குக் காலையில் மலையில் உடைந்தது. திட்டு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால், அரிசி அளவுக்கு ஒரு வெல்டிங் பொட்டு.

"இங்க யாரு வெல்டு வெச்சாங்க?"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆறு மாதத்துக்கு முன் வேறொரு ஊரில் பைபாஸ் ஓரத்துக் கடை ஒன்றில், பட்டையைச் சேஸோடு பிடித்து நிறுத்தும் ஹேங்கர் பிராக்கெட்டில் விரிசல் என்று நிறுத்தினோம். துருவையும் கிரீஸையும் துடைக்காமலேயே மேலே வெல்டு ஓட்டினார்கள். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் ஆடுகிறது என்று அதையும் பட்டையோடு ஒரு பொட்டு வைத்து ஒட்டிவிட்டார்கள். 600 ரூபாய், இருபது நிமிஷம். நான் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

கமான் பட்டை சாதாரண இரும்பு அல்ல. சிலிக்கானும் மாங்கனீசும் சேர்ந்த எஃகைச் சூடேற்றி, எண்ணெயில் முக்கி, மறுபடியும் அளவாகச் சூடாக்கிப் பதம் ஏற்றியிருப்பார்கள். அதில் ஒரு பொட்டு வெல்டு வைத்தால் அந்த இடம் மட்டும் பழுத்துச் சிவந்து, சுற்றியுள்ள குளிர்ந்த எஃகு அந்தச் சூட்டை நொடியில் உறிஞ்சிவிடும். அந்தப் பொட்டு இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வளைந்து நிமிர்வதுதான் பட்டையின் வேலை. வளைய முடியாத ஓர் இடம் அதில் இருந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். பாடம் எடுக்கும் அளவுக்கு இது எனக்குத் தெரியும். மேஸ்திரி ஒரே வரியில் சொன்னார்: "பட்டைல நெருப்பு படக்கூடாதுங்க."

அப்புறம்தான் சோதனை. வண்டியைத் தூக்கி, சேஸுக்கு அடியில் மரக்கட்டைகளை அடுக்கி நிறுத்தினார். வெறும் ஜாக்கியை நம்பி ஒரு பையனையும் உள்ளே விடவில்லை. இது எனக்குப் பிடித்தது. மெயின் பட்டையைத் தொங்கவிட்டுச் சுத்தியால் தட்டினார். கணீர் என்றது. பிராக்கெட்டைச் சுரண்டித் துடைத்து, ஒரு குவார்ட்டர் பாட்டிலிலிருந்து மண்ணெண்ணெய் தடவினார். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, உலரத் துடைத்து, மேலே சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்கினார். பக்கவாட்டில் இரண்டு தட்டு. வெள்ளைக்குள் இருந்து ஒரு ஈரக்கோடு மெல்ல ஊறி வந்தது. பழைய வெல்டின் விளிம்பில் தொடங்கி நான்கு சென்டிமீட்டர். பைபாஸ் கடைக்காரர் மூடிய விரிசல் மூடவே இல்லை, பக்கத்தில் நடந்து போயிருக்கிறது.

என் பெட்டியில், சாயத்தை ஊறவிட்டு விரிசலைக் காட்டும் டை பெனட்ரண்ட் டப்பாக்கள் மூன்று இருந்தன. துடைக்க ஒன்று, சிவப்புச் சாயம் ஒன்று, வெள்ளைப் பூச்சு ஒன்று. பழக்கத்தில் வாங்கி வைத்து ஒரு வருஷமாகத் திறக்காதவை. நானும் என் பங்குக்கு இறங்கினேன். பெயிண்டை ரிமூவர் வைத்துத்தான் எடுத்தேன். கிரைண்டர் வைத்தால் மேல் இரும்பு இழுபட்டு விரிசலின் வாய் மூடிவிடும், பிறகு எந்தச் சாயமும் உள்ளே போகாது. சிவப்பை அடித்துப் பத்து நிமிஷம் காத்திருந்து, கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். நேரே பீய்ச்சினால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும். வெள்ளை அடித்ததும் இடது பிராக்கெட்டில் அதே நான்கு சென்டிமீட்டர் கோடு. மண்ணெண்ணெயும் சாக்பீஸும் சொன்னதற்கு ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை.

வலது பிராக்கெட்டில் மேஸ்திரி ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார். அங்கே என் வெள்ளையில் ஆறு மில்லிமீட்டருக்கு ஒரு சிவப்பு இழை பூத்தது. மேஸ்திரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டத்தில் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இந்த டப்பா என்ன வெலைங்க?" என்றார். சொன்னேன். "மண்ணெண்ணெய் பத்து ரூபாய்க்கு மூணு மாசம் வருமுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். ஆனால் அன்று மாலை ஒரு லாரியின் பட்டையைச் சோதிக்கும்போது என்னிடம் வந்து, "அந்தச் செவப்ப ஒருக்கா அடிச்சுப் பாக்கலாங்களா?" என்று கேட்டார்.

அடுத்த நாள் பட்டைகளைப் பூட்டி வண்டியை இறக்கியதும் என்னை எடைமேடைக்கு அனுப்பினார். முழு வண்டியை ஒரு முறை, பிறகு இடது சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி ஒரு முறை. இடது பக்கம் வலதை விட 310 கிலோ கூடுதல். தண்ணீர்த் தொட்டி இடது பக்கம், அதுவும் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால். சோலார் பேட்டரி இரண்டும் அதற்கு மேலே. பாடி கட்டியவர்களுக்கு அது வசதியான மூலை. நான் பார்த்துச் சரி என்றவன். "ஒரு பட்டை ஒடஞ்சா பட்டைய மாத்தலாங்க, இத மாத்தாம மாத்துனா வர்ற தை மாசம் திரும்ப வருவீங்க" என்றார். பேட்டரிகளை வலது பக்கம் மாற்றும் வேலையை அங்கேயே பையன்கள் செய்தார்கள். மலை ஏறும்போது தொட்டியைப் பாதிதான் நிரப்ப வேண்டும் என்பது அவர் போட்ட கட்டளை.

பட்டை வேலை இப்படி நடந்தது. மெயின் பட்டையும் இரண்டாவது பட்டையும் இரு பக்கமும் புதிது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்தே ஓடும். மீதிப் பட்டைகளை உலையில் காட்டாமல், குளிர்ந்த நிலையிலேயே பட்டறைக்கல்லில் வைத்து அடித்து வளைவு ஏற்றினார். பட்டையின் இரு நுனிகளுக்கும் நடுவில் நூல் பிடித்து, நடுவில் ஸ்கேல் வைத்து, இரண்டு செட்டும் ஒரே அளவு வரும்வரை அடித்தார். அதைப் பார்க்க மட்டுமே அரைநாள் உட்கார்ந்திருக்கலாம். எந்த இடத்தில் அடி விழ வேண்டும் என்று அவர் பார்க்கவே இல்லை, பட்டை துள்ளுவதைக் கை உணர்ந்துகொள்கிறது. பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட், அவற்றை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டுகள், நுனிகளில் வரும் புஷ், சாக்கிள் பின் எல்லாம் புதிது. யூ போல்ட் ஒரு முறை முறுக்கினால் நீண்டுவிடும், பழையதை மறுபடியும் போட்டால் பிடிப்பு நிற்காது. பழையதே நன்றாகத்தானே இருக்கிறது என்று மிச்சம் பிடிக்கிறவர்கள் கவனிக்கவும்.

இடது பிராக்கெட்டின் ரிவெட்டுகளை வெட்டி எடுத்துவிட்டு, புது பிராக்கெட்டை ஹைடென்சைல் (அதிக இழுவிசை தாங்கும்) போல்ட் போட்டு முடுக்கினார். வலது பக்க ஆறு மில்லிக்கு, விரிசலின் நுனியில் ஒரு சின்னத் துளை போட்டு, விரிசலைக் கிரைண்டரில் வாய்க்கால் மாதிரித் திறந்து, அடிவரை வெல்டு நிரப்பினார். பிராக்கெட் மைல்டு ஸ்டீல், அது வெல்டு வாங்கும். வெல்டிங் ராடுகளை ஒரு மரப்பெட்டிக்குள் குண்டு பல்பு எரியவிட்டுச் சூடாக வைத்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு என் பழைய வேலையிடமே ஞாபகம் வந்துவிட்டது. ஈரம் பட்ட ராடால்தான் பாதி விரிசல் வருகிறது. வெல்டு தொடங்கும் முன் வண்டி பேட்டரி, சோலார் பேட்டரி இரண்டின் இணைப்பையும் எடுக்கச் சொன்னார், கேஸ் சிலிண்டரை ரோட்டுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். ஆனாலும் வலது பிராக்கெட்டையும் மாற்றியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. "ஆறு மில்லிக்குப் போயி பிராக்கெட் மாத்தறதுங்களா" என்று அவர் இறங்கவில்லை.

குறைகளும் உண்டு. "பதினொரு மணிக்கு முடிஞ்சுருமுங்க" என்று சொன்ன வேலை மறுநாள் சாயங்காலம் முடிந்தது. பெண்கள் உட்கார இடமில்லை, கழிப்பறை இல்லை. எங்கள் வண்டியிலேயே இருக்கிறதே என்றால், கட்டைமேல் நிற்கும் வண்டிக்குள் யாரையும் விடமாட்டார், அதுவும் சரிதான். வீட்டையே தூக்கி நிறுத்திவிட்ட பிறகு எங்கே தூங்குவது? பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் ஒரு ராத்திரி 900 ரூபாய். எவ்வளவு முடுக்கினோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கிடையாது, இரும்புக் குழாயை ஸ்பேனரில் மாட்டி ஏறி நிற்கிறார்கள். வெல்டு வைத்த இடத்துக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை, ரெட் ஆக்சைடு வாங்கி நானே அடித்தேன். பில் கேட்டால் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதித் தருகிறார்கள்.

அந்தக் காலண்டர் தாளின்படி மொத்தம் 16,400 ரூபாய். புதுப் பட்டைகளுக்குக் கிலோ கணக்கில் விலை, அதுதான் பெரிய பங்கு. கூலி 4,500. பேட்டரி இடம் மாற்றியதற்குத் தனியாக ஒன்றும் வாங்கவில்லை, பையன்களுக்கு நான் கொடுத்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

ஐந்து ஸ்டாருக்கு நான்கு. கேரவனோ, டிராவலரோ, பின்பக்கம் பட்டை வைத்த எந்த வண்டியோ வைத்திருந்தால் தயங்காமல் போகலாம். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் போனால் லாரிகளுக்குப் பின்னால்தான் முறை வரும். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போங்கள். துணைக்கு வருகிறவர்களுக்கு மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள்.

500 கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டை மறுபடியும் முடுக்கச் சொல்லியிருந்தார். முடுக்கினேன், நான்கிலும் கால் சுற்று ஏறியது. போன வாரம் சேலத்திலிருந்து ஏற்காடு போய் இறங்கினோம். வந்த கையோடு வாசலிலேயே பாய் விரித்து அடியில் படுத்து, வலது பிராக்கெட்டின் பெயிண்டை எடுத்துவிட்டுச் சிவப்புச் சாயமும் வெள்ளையும் அடித்துப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. வளைவுகளில் 'டொக்' மட்டும் இன்னும் கேட்கிறது. இந்த முறை குக்கர்தான்.