42,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மட்டும் மாற்றிக் கொடுத்தான்: டர்போ கார் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

நேற்று மாலை ஆறு மணிக்குத்தான் உண்மை தெரிந்தது. இரவெல்லாம் தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். 42,000 ரூபாய். என் காரின் சக்தி கூடும்படி இன்ஜின் கணினியில் புதிய மென்பொருள் எழுதித் தருகிறேன் என்று சொல்லி ஒருவன் என்னிடம் வாங்கிய தொகை. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இன்று காலை புகார் பதிவு செய்திருக்கிறேன், அதன் முடிவு வரட்டும். கார் ட்யூனிங் மட்டுமே செய்யும் தனியார் கடை, கம்பெனி சர்வீஸ் சென்டர் அல்ல. அவ்வளவு தெரிந்தால் போதும். ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

என்னுடையது 2021 ஃபோக்ஸ்வேகன் போலோ, 1.0 டிஎஸ்ஐ (அந்தக் கம்பெனியின் டர்போ பெட்ரோல் இன்ஜின்), ஆறு கியர் மேனுவல். 999 சிசி, மூன்று சிலிண்டர், 110 பிஎஸ் (குதிரைத்திறன்), 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இதற்கு முன்பு 2013 முதல் போலோ ஜிடி டிஎஸ்ஐயில் இருந்தது நான்கு சிலிண்டர் 1.2 இன்ஜின், அது 105 பிஎஸ். 2020 இல் பிஎஸ்6 என்ற புகை மாசு விதியோடு இந்தச் சின்ன இன்ஜின் வந்தபோது, “போயும் போயும் ஒரு லிட்டரா, மூன்று சிலிண்டரா” என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் பலர். ஓட்டிப் பார்த்தவர்கள் பிறகு அப்படிப் பேசவில்லை. நிமிடத்துக்கு 1,750 சுழற்சியிலேயே முழு முறுக்குவிசையும் வந்துவிடுகிறது. மேட்டில் கியரைக் குறைக்காமலே ஏறும். 2022 இல் இந்தியாவில் போலோ தயாரிப்பே நின்றுபோனது. இனிமேல் இப்படி ஒரு கார் கிடைக்காது, இன்னும் பத்து ஆண்டு இதையே வைத்துக்கொள்வேன் என்ற ஆசையில்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

ஆசைக்குக் காரணம் இருந்தது. டர்போ இல்லாத இன்ஜினில் மென்பொருளை என்ன மாற்றினாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. சிலிண்டர் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவுதான். டர்போவில் கதையே வேறு. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. எவ்வளவு அழுத்தம், எந்த நேரத்தில் தீப்பொறி, எவ்வளவு பெட்ரோல் என்பதையெல்லாம் கணினி முடிவு செய்கிறது. ஊருக்கு ஊர் பெட்ரோல் தரம் வேறு, வெயில் வேறு, ஓட்டுபவர் வேறு என்பதால் தயாரிப்பாளர்கள் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் எண்களை வைக்கிறார்கள். ஐரோப்பாவில் 2018 இல் வந்த ‘அப் ஜிடிஐ’ என்ற சின்ன ஃபோக்ஸ்வேகன் காரிலும் ஒரு லிட்டர் டிஎஸ்ஐ இன்ஜின்தான். அங்கே 115 பிஎஸ், 200 நியூட்டன் மீட்டர். இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்த 25 நியூட்டன் மீட்டர் கண்ணிலேயே நின்றது.

அந்த ஆசையைத்தான் அந்த ட்யூனிங் கடைக்காரன் என்னிடம் விற்றான்.

அவனுக்கு முப்பது வயது இருக்கும். முதல் நாளிலிருந்தே என்னை “அண்ணா” என்று கூப்பிட்டான். வண்டியின் பானட்டைத் திறப்பதற்கு முன்பே ஒரு மணி நேரம் பேசினான். 1905 இல் ஆல்ஃபிரட் ப்யூகி என்ற சுவிஸ் பொறியாளர் டர்போவுக்குக் காப்புரிமை பெற்ற கதை. 1962 இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், இன்ஜின் ‘நாக்’ ஆகாமல், அதாவது கலவை கட்டுப்பாடின்றி வெடித்து இன்ஜினைத் தட்டாமல், இருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்துக்குத் தனித் தொட்டி வைத்துக்கொண்டு வந்த கதை. 1977 இல் ரெனோ ஒன்றரை லிட்டர் டர்போவை ஃபார்முலா 1 பந்தயத்துக்குக் கொண்டுவந்து, திரும்பத் திரும்பப் புகை கக்கி நின்று, 1979 இல் சொந்த மண்ணான பிரான்சிலேயே வென்ற கதை. ஜப்பானில் 1987 இல் ஆல்டோ வொர்க்ஸ் 543 சிசியில் 64 பிஎஸ் எடுத்த கதை. ஒன்றுகூடப் பொய் இல்லை. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. இவ்வளவு தெரிந்தவன் வேலையிலும் நேர்மையாக இருப்பான் என்று நினைத்துவிட்டேன்.

ஆனால் என்னை முழுதாக வீழ்த்தியது வரலாறு அல்ல, ஒரு பதில். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் சின்ன டர்போ இன்ஜின்களில் ஒரு ஆபத்து உண்டு. குறைந்த சுழற்சியில் அதிகச் சுமை கொடுத்தால் பொறி விழுவதற்கு முன்பே கலவை தானாகத் தீப்பிடிக்கும். பிஸ்டனின் வளையம் உட்காரும் விளிம்பே உடைந்துபோகலாம். அதைப் பற்றிக் கேட்டேன். அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “2,000 சுழற்சிக்குக் கீழே பூஸ்டை, அதாவது டர்போ அழுத்தத்தை, ஏற்றவே மாட்டேன் அண்ணா. அதற்கு மேல்தான் கூட்டுவேன். உங்கள் இன்ஜின் என் இன்ஜின் மாதிரி” என்றான். இதைவிடச் சரியான பதிலை எவரும் சொல்ல முடியாது. அந்த இடத்தில்தான் நான் பணத்தை எடுத்தேன்.

140 பிஎஸ், 230 நியூட்டன் மீட்டர் என்று வாய்மொழியாக உறுதி கொடுத்தான். வேலைக்கு முன்னும் பின்னும் காரின் சக்தியை அளக்கும் டைனோ எந்திரத்தில் ஏற்றி அளந்த தாள் தருவதும் அந்த 42,000 ரூபாய்க்குள் அடக்கம் என்றான். பில் கேட்டேன். “ஜிஎஸ்டி பில் என்றால் 18 சதவீதம் கூடுதலாகும் அண்ணா, உங்களுக்கு எதற்கு அந்தச் செலவு” என்றான். செல்பேசியிலேயே முழுத் தொகையையும் அனுப்பினேன். வேலை தொடங்குவதற்கு முன்பே அனுப்பினேன்.

நான்கு மணி நேரம் முன் அறையில் உட்கார வைத்தான். பணிமனைக்குள் வரக்கூடாது, கணினியைப் படிக்கும்போது தடங்கல் வந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று காரணம் சொன்னான். டைனோ எந்திரம் பழுது, தாளைப் பிறகு அனுப்புகிறேன் என்றான். சாவியைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னான். லேசாகத்தான் மிதித்தேன். வண்டி பாய்ந்தது! கண்ணில் நீர் வராத குறை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான்: “500 கிலோமீட்டர் வரை முழுதாக மிதிக்காதீர்கள் அண்ணா, கணினி கற்றுக்கொள்ள வேண்டும்.” அதை அப்படியே கடைப்பிடித்தேன். அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று இப்போது புரிகிறது.

500 கிலோமீட்டர் முடிந்தது. நெடுஞ்சாலையில் மூன்றாவது கியரில் முழுதாக மிதித்தேன். பழைய வண்டிதான். வேலைக்கு முன்பு இதே சாலையில் 40 இலிருந்து 100 வரை எடுத்த காணொளி என்னிடம் இருந்தது. இப்போதும் ஒன்று எடுத்து, இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஓடவிட்டேன். கால் வினாடிகூட வித்தியாசம் இல்லை.

தொலைபேசியில் கூப்பிட்டேன். “பெட்ரோல் சரியில்லை அண்ணா, 95 ஆக்டேன் போடுங்கள்.” வேலை முடிந்த நாளிலிருந்து எக்ஸ்பி95 என்ற 95 ஆக்டேன் பெட்ரோல்தான் போடுகிறேன், பெட்ரோல் பங்க் ரசீதுகளைப் படம் எடுத்து அனுப்பினேன். “அப்படியானால் எக்ஸ்பி100 போட்டுப் பாருங்கள்.” அதையும் தேடிப் போய்ப் போட்டேன், மாற்றம் இல்லை. இரண்டாவது வாரம் “உங்கள் கிளட்ச் வழுக்குகிறது, கூடுதல் விசையை அதனால் தாங்க முடியவில்லை, 28,000 ரூபாய்க்கு நல்ல கிளட்ச் இருக்கிறது” என்றான். கிளட்ச் வழுக்கினால் சுழற்சி ஏறும், வேகம் ஏறாது. என் வண்டியில் அப்படி எதுவுமே இல்லை. அதைச் சொன்னதும் “அண்ணா” போய் “சார்” வந்தது. “சார், ஃபைல் எழுதும் ஆள் வெளியூர் போயிருக்கிறார்.” “சார், அடுத்த வாரம் பாருங்கள்.” பிறகு அழைப்பை எடுக்கவே இல்லை. நேரில் போனேன். முதலாளி ஊரில் இல்லை என்று கடைப்பையன் சொன்னான். முதலாளியின் கார் பின்பக்கம் நிற்கிறது. ஒரு மணி நேரம் நின்றேன். கடைசியில் வெளியே வந்தவன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “புகார் கொடுங்கள் சார். மோட்டார் வாகனச் சட்டம் 52 ஆவது பிரிவு தெரியுமா? வண்டியில் மாற்றம் செய்தது நீங்கள்தான். மாட்டுவது உங்கள் வண்டிதான்.” பணம் வாங்கும்போது அந்தச் சட்டம் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

நடுவில் ஒரு டைனோ தாளும் அனுப்பினான். என் வண்டி எண் அச்சிட்ட தாள். என் வண்டி எந்த டைனோவிலும் ஏறியதே இல்லை! கேட்டால் “சாலையில் எடுத்த பதிவிலிருந்து கணக்குப் போட்டது” என்கிறான். அந்தத் தாளை எடுத்துவைத்து ஒரு இரவு உட்கார்ந்து பார்த்தேன். முறுக்குவிசையையும் சுழற்சியையும் பெருக்கி 7,024 ஆல் வகுத்தால் பிஎஸ் வரும், இது மாறாத கணக்கு. தாளில் 2,500 சுழற்சியில் 230 நியூட்டன் மீட்டர் என்று இருக்கிறது. கணக்குப்படி அங்கே 82 பிஎஸ்தான் வர வேண்டும். தாள் 110 பிஎஸ் காட்டுகிறது. போலித் தாளைக்கூட ஒழுங்காகத் தயாரிக்காமல் என் கையில் கொடுத்திருக்கிறான். அந்த அலட்சியம்தான் பணத்தைவிட அதிகமாக வலிக்கிறது.

நேற்று வேறு ஊரில் இருக்கும் ஒரு டெக்னீஷியனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். கணினியில் இருந்ததைப் படித்து, தயாரிப்பாளரின் அசல் ஃபைலோடு ஒப்பிட்டுத் திரையில் காட்டினார். மாறிய இடமெல்லாம் சிவப்பாகத் தெரியும் என்றார். திரை முழுக்கத் தேடினேன். பூஸ்ட் அட்டவணை அப்படியே இருக்கிறது. பொறி விழும் நேரம் அப்படியே இருக்கிறது. முறுக்குவிசை வரம்புகள் அப்படியே இருக்கின்றன. ஒரே ஒரு மூலையில் சிவப்பு: ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தால் எவ்வளவு விசை கேட்க வேண்டும் என்ற அட்டவணை. முன்பு பாதி மிதித்தால் கிடைத்தது இப்போது கால்வாசி மிதித்தாலே கிடைக்கும்படி மாற்றியிருக்கிறான். முழுதாக மிதித்தால் பழைய 110 பிஎஸ்தான். “பத்து நிமிட வேலை” என்றார் அவர். படித்துப் பார்த்ததற்கு 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, கேட்காமலே பில்லும் கொடுத்தார்.

பத்து நிமிட வேலைக்கு 42,000 ரூபாய். அன்று சாவியை வாங்கிக்கொண்டு நான் அடைந்த சந்தோஷம் இருக்கிறதே, அதையும் சேர்த்துத் திருடியிருக்கிறான்.

நல்ல ட்யூனர்கள் இல்லை என்று சொல்லவில்லை. இந்த இன்ஜினைப் பதமறிந்து தொட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் நாக் வருகிறதா என்று பதிவு எடுத்துப் பார்த்து, உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைக் கவனித்து, ஒரு வாரம் மெனக்கெட்டு எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயரையும் சேர்த்துத்தான் இவன் கெடுக்கிறான்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், கை நடுங்குகிறது, முடியவில்லை. இவற்றை மட்டும் மறக்காதீர்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அசல் ஃபைலின் நகலை உங்கள் பென் டிரைவில் வாங்கிக்கொண்ட பிறகே எழுத விடுங்கள். என்னிடம் அது இல்லை, கேட்டால் அழிந்துவிட்டது என்கிறான். டைனோவில் ஏற்றினால் நீங்களும் அங்கே நில்லுங்கள். வேலைக்கு முன்பு ஒரே கியரில், ஒரே சாலையில், முழு மிதியில் காணொளி எடுத்து வையுங்கள். முழுதாக மிதிக்காதே என்று எவன் சொன்னாலும் அன்றே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வாரண்டி, காப்பீடு இரண்டிலும் சிக்கல் வரலாம், அதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இன்று காலை அதில்தான் பதிவு செய்தேன். பணம் அனுப்பிய சான்று, அவன் அனுப்பிய தாள், இரண்டு காணொளிகள், ஒப்பிட்ட திரையின் படம் எல்லாம் கையில் இருக்கின்றன. இதே மாதிரிக் கடையில் இதே மாதிரி “500 கிலோமீட்டர்” கதை கேட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள், சேர்ந்து போவோம். 42,000 ரூபாயை நான் விடப் போவதில்லை.