ஓ.என்.பி.ஜி. பொடி: மதுரை ஆய்வகங்களுக்கு வாங்கலாமா?

வாங்கலாம். ஓ.என்.பி.ஜி. என்பது நொதி உடைத்தால் மஞ்சளாகும் பொடி. ஈஸ்ட்டில் ஆல்ஃபா ஃபேக்டர் (ஈஸ்ட் செல்லை இணைசேரத் தூண்டும் பெப்டைடு) கிளப்பும் சமிக்ஞைப் பாதை எவ்வளவு முடுக்கிவிடப்பட்டிருக்கிறது என்று அளக்க, கல்லூரி ஆய்வகத்துக்குக் கட்டுப்படியாகிற பொருள் இதுதான். மில்லிக்கு 4 மில்லிகிராம் வீதம் கரைத்து, ட்யூபுக்கு 0.2 மில்லி போட்டால் 1 கிராம் பாட்டில் 1250 ட்யூபுக்கு வரும். ரெடிமேட் கிட்டில் பஃபருக்கும் சேர்த்தே காசு போகிறது; அந்தப் பஃபரை நாமே கலக்கிவிடலாம்.

ஆல்ஃபா ஃபேக்டர் ஸ்டே2 ஏற்பியில் ஒட்டியதும் கைனேஸ் (புரதத்தில் பாஸ்பேட் ஏற்றும் நொதி) சங்கிலி ஓடி, ஜீனை இயக்கும் ஸ்டே12 புரதம் வழியாக ஃபஸ்1 ஜீன் இயங்கும். ஃபஸ்1 புரொமோட்டருக்கு (ஜீனை இயக்கும் டி.என்.ஏ. பகுதி) பின்னால் லாக்-இசட் ஜீன் இருந்தால் பீட்டா-காலக்டோசிடேஸ் நொதி உருவாகி, ஓ.என்.பி.ஜி.யை உடைத்து மஞ்சளாக்கும். ரொட்டி ஈஸ்ட்டுக்குச் சொந்தமாக இந்த நொதி கிடையாது. அதனால் பின்னணி நிறம் மிகக் குறைவு. இந்த முறையின் பெரிய பலமே அதுதான்.

பொடியின் குறை, கரைய அடம்பிடிப்பது. ஸ்டிர்ரரில் ஒரு மணி நேரமாவது சுற்றவிட வேண்டும். அவசரப்பட்டுச் சூடாக்கினால் தானாகவே உடைந்து, செல் இல்லாத ஒப்பீட்டு ட்யூபே (பிளாங்க்) மஞ்சளாகிவிடும். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கரையுங்கள்.

நாமே கலக்கும் பஃபரின் பெயர் இசட் பஃபர். அதற்கு டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 60, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 40, பொட்டாசியம் குளோரைடு 10, மெக்னீசியம் சல்ஃபேட் 1 மில்லிமோலார், பி.எச். 7. உப்புத்தன்மை மிகுந்த போர் தண்ணீர் கூடவே கூடாது. கால்சியம் பாஸ்பேட் திரிந்து கலங்கிவிடும். 100 மில்லிக்கு 0.27 மில்லி பீட்டா-மெர்காப்டோஎத்தனால் சேர்ப்பது பயன்படுத்தும் அன்று மட்டும்.

30 டிகிரியில் வளரும் செல்களுக்கு ஆல்ஃபா ஃபேக்டர் கொடுத்து 90 நிமிடம் விட்டு, ஓ.டி. 600 (600 நானோமீட்டர் ஒளியில் கல்ச்சரின் கலங்கல் அளவு) குறித்துக்கொள்ளுங்கள். 0.5 மில்லி கல்ச்சரைச் சுழற்றிப் படிந்த செல்களை 0.8 மில்லி இசட் பஃபரில் கலக்கி, செல்லைத் திறக்கக் குளோரோஃபார்மும் 0.1 சதவீத எஸ்.டி.எஸ். டிடர்ஜென்ட்டும் 50 மைக்ரோலிட்டர் வீதம் விட்டு 15 வினாடி வோர்டெக்ஸ். பாலிப்ரொப்பிலீன் ட்யூப்தான் வேண்டும். பாலிஸ்டைரீனைக் குளோரோஃபார்ம் கரைத்துவிடும். ஓ.என்.பி.ஜி. விட்ட நொடியிலிருந்து நேரம் எண்ணி, வெளிர்மஞ்சள் வந்ததும் 1 மோலார் சோடியம் கார்பனேட் 0.5 மில்லி. காரம் ஏறியதும் நொதி நிற்கும், மஞ்சளும் முழுமையாகத் தெரியும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி மேல்நீரை மட்டும் 420 நானோமீட்டரில் படியுங்கள். அடியில் நிற்கும் குளோரோஃபார்ம் கியூவெட்டுக்குள் வந்தால் ரீடிங் தாறுமாறாகும். ரீடிங் 1-ஐத் தாண்டினால் கல்ச்சரைக் குறைத்து மறுபடி செய்ய வேண்டியதுதான். நொதியின் வேலையைச் சொல்லும் மில்லர் யூனிட்: 1000 × ஓ.டி. 420 ÷ (நிமிடம் × கல்ச்சர் மில்லி × ஓ.டி. 600).

புரோட்டோகாலில் 'அறை வெப்பநிலை' என்று எழுதியிருந்தால் அதை நம்பாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் மதுரை அறை வேறு, 25 டிகிரி வேறு. வாட்டர் பாத்தில் 30 டிகிரி என்று நிறுத்தாவிட்டால் காலை ரீடிங்கும் மதிய ரீடிங்கும் ஒத்துவராது.

காசு மிஞ்சினால் நல்ல ஆல்ஃபா ஃபேக்டர் பெப்டைடில் போடுங்கள். மூலக்கூறு எடை சுமார் 1684. 1 மில்லிகிராமை 594 மைக்ரோலிட்டர் டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்தால் 1 மில்லிமோலார். பார்1 நீக்கிய செல்லுக்கு 100 நானோமோலார் போதும். பார்1 உள்ள செல் பெப்டைடையே வெட்டித் தின்றுவிடும். மைக்ரோமோலார் கணக்கில் ஊற்ற வேண்டிவரும்.

முதல் 5, 10 நிமிடத்தில் ஃபஸ்3 (அந்தச் சங்கிலியின் கைனேஸ்களில் ஒன்று) எப்படி முடுக்கப்படுகிறது என்று பார்க்க இந்தப் பொடி உதவாது. நொதி உருவாக நேரம் பிடிக்கும், உருவானது சீக்கிரம் அழியவும் அழியாது. அந்தக் கேள்விக்கு, பாஸ்பேட் ஏறிய ஃபஸ்3-ஐக் காட்டும் பாஸ்போ-இஆர்கே ஆன்டிபாடி வைத்து வெஸ்டர்ன் பிளாட்தான் செய்ய வேண்டும்.

5 கிராம் பாட்டில் வேண்டாம். திறந்து மூடுவதிலேயே ஈரம் ஏறும். 1 கிராம் வாங்கி, சிலிக்கா ஜெல்லோடு மைனஸ் 20-இல் வையுங்கள்.