நிறுத்தத்து ஆட்டோவும் செயலி ஆட்டோவும்: சக்கர நாற்காலியில் செல்வோர் கணக்கு

திருநெல்வேலி சந்திப்பில் இறங்கி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குச் செல்லும் ஒருவருக்கு நிறுத்தத்து ஆட்டோ, செயலி ஆட்டோ என இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திற்கு உட்பட்டவையே. ஓட்டுநருக்கு உரிமமும் வண்டிக்கு அனுமதிச் சீட்டும் தேவை. செயலி நிறுவனத்துக்கும் தனி உரிமம் வேண்டும் என்பதை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது.

செயலியின் பெரிய வசதி, ஏறும் முன்பே கட்டணம் தெரிந்துவிடுவது. நெரிசல் நேரத்தில் அது ஏறும். ஒன்றிய அரசின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அடிப்படைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்கையும், 2025ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இரண்டு மடங்கையும் உச்சவரம்பாக வைத்தன. நிறுத்தத்திலோ பேரம்தான், வெளியூர்க்காரர் என்று தெரிந்தால் தொகை கூடுவது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

ஆனால் சக்கர நாற்காலி என்று வரும்போது கணக்கு மாறுகிறது. செயலியில் வரும் ஓட்டுநர் நாற்காலியை நேரில் கண்ட பிறகே இடமில்லை என்று பயணத்தை ரத்து செய்யக்கூடும். நிறுத்தத்தில் நிற்பவரோ ஆளையும் நாற்காலியையும் பார்த்துத்தான் ஒப்புக்கொள்கிறார். மடித்து எங்கே வைப்பது, யார் தூக்கிவிடுவது என்பதெல்லாம் புறப்படும் முன்பே பேசி முடிந்துவிடும். எனவே பகலில் மருத்துவமனைக்குச் செல்ல நிறுத்தமே மேல் என்பேன். இரவில் தனியாக வருவோருக்கு, வண்டி எண்ணையும் வழித்தடத்தையும் வீட்டாருக்கு அனுப்ப முடிகிற செயலியே ஏற்றது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அணுகத்தக்க போக்குவரத்துக்கான பொறுப்பை அரசின்மீதே வைக்கிறது. சாய்தளம் பொருத்திய வண்டிகளுக்கு அனுமதிச் சீட்டில் முன்னுரிமை தந்தால், இரு தரப்புக்கும் அது பொருந்தும்.