கமினோ சத்திரங்கள்: தனியாக நடப்பவர்களுக்கு எப்படி?

கமினோ என்பது ஸ்பெயினின் சாந்தியாகோ நகருக்குப் போகும் யாத்திரை நடைவழி. அதில் 'பிரெஞ்சு வழி' சுமார் 780 கி.மீ. வழிநெடுக உள்ள அல்பெர்கே எனும் யாத்ரீகர் சத்திரங்கள், முதல்முறை தனியே வெளிநாடு செல்பவருக்கு மிகப் பொருத்தமானவை. யாத்ரீகர் ஏட்டில் முத்திரை குத்திவிட்டுக் கட்டில் தருவார்கள். ஊர் நிர்வாகம் நடத்துபவற்றில் பெரும்பாலும் முன்பதிவு இல்லை, ஒரே இரவுதான். இரவு 10 மணிக்கு விளக்கணைப்பு, காலை 8 மணிக்குள் கிளம்ப வேண்டும். நாளை எவ்வளவு தூரம், எங்கே தூக்கம் என்று தினமும் தானே முடிவெடுக்கும் பழக்கம் இங்குதான் படிகிறது.

பெரிய தொல்லை மூட்டைப்பூச்சி. பையைக் கட்டில்மேல் வைக்காதீர்கள். மெத்தைத் தையல்களில் கரும்புள்ளிகள் உண்டா என்று முதலில் பாருங்கள். குறட்டைக்குக் காதடைப்பான் அவசியம். பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது, சுமை கூடினால் முழங்காலும் பாதமும் பழுதாகலாம். ஈரக் காலுறை உராய்ந்தால் கொப்புளம் எளிதில் வரும். இரண்டு மணி நேரத்துக்கொருமுறை மாற்றுங்கள்.

சைவ உணவு உண்பவர்களுக்குச் சமையலறை உள்ள சத்திரமே நல்லது. ஆனால் சிற்றூர்க் கடைகள் பிற்பகலில் மூடியிருக்கும். பருப்பும் அரிசியும் காலையிலேயே வாங்கிவிடுங்கள். கட்டணம் குறிக்காத நன்கொடைச் சத்திரம் என்றால் இலவசம் என்று பொருளல்ல, தாராளமாகப் போடுங்கள்.

பலர் நடையைத் தொடங்கும் பிரான்ஸ் எல்லை ஊரான சென் ழான் பியே-த-போரிலிருந்து முதல் நாள் 1,200 மீட்டருக்கு மேல் ஏற்றம். அந்த மலைப்பாதை நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மூடப்படும். அப்போது வால்கார்லோஸ் என்னும் ஊர் வழியே போக வேண்டும்.