சாதாரண வெண்டிலேட்டரா, ஆசிலேட்டரா? உடம்புக்குள் நடப்பது என்ன

சாதாரண வெண்டிலேட்டர் கிட்டத்தட்ட நாம் மூச்சு விடுகிற மாதிரிதான். காற்றை உள்ளே தள்ளும், தள்ளுவதை நிறுத்தியதும் மார்பு தானாகச் சுருங்கிக் காற்று வெளியே வந்துவிடும். ஆசிலேட்டரும் செயற்கை மூச்சு இயந்திரம்தான், ஆனால் அப்படியில்லை, நுரையீரலை ஓர் அழுத்தத்தில் விரித்துப் பிடித்துக்கொண்டு, பச்சிளங்குழந்தைக்கு நிமிடத்துக்கு 600 முதல் 900 வரை குட்டிக் குட்டி அதிர்வுகளை அனுப்புகிறது, வெளியே வரும் காற்றையும் அதுவே இழுக்கிறது. குழந்தையின் மார்பு ஏறி இறங்காது, தொப்புள் வரை நடுங்கிக்கொண்டே இருக்கும். ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் கேட்பது இயந்திரத்தின் படபடப்புதான், இதயத்தைக் கேட்க அதிர்வைச் சில நொடி நிறுத்த வேண்டும்.

கணக்குப்படி நுரையீரலுக்கு இதுதான் மென்மையானது. ஓர் அதிர்வுக்குப் போகும் காற்று எடையில் கிலோவுக்கு 1 முதல் 3 மி.லி., அவ்வளவே. ஆனால் சாதாரண வெண்டிலேட்டரில் வேகத்தைக் கூட்டினால் கார்பன் டை ஆக்சைடு அதிகம் வெளியேறும் என்ற பழக்கம் இங்கே தலைகீழ்: வேகத்தைக் குறைத்தால்தான் ஒவ்வொரு அதிர்விலும் காற்றின் அளவு கூடி கார்பன் டை ஆக்சைடு அதிகம் வெளியேறும். மளமளவென்று வெளியேறிவிட்டாலோ மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், குறைமாதக் குழந்தைக்கு அது ஆபத்து.

என் கவலை இதயத்தைப் பற்றித்தான். மார்புக்குள் அழுத்தம் இறங்காமலே இருந்தால் இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறையும், பி.பி. விழும். பெரியவர்களிடம் இது பளிச்சென்று தெரிந்தது. 2013-இல் வெளியான ஆசிலேட் ஆய்வில் நடுத்தரம் முதல் கடுமை வரையிலான ஏ.ஆர்.டி.எஸ். (நுரையீரல் அழற்சியால் நீர் கோத்து மூச்சு திடீரெனத் திணறும் நிலை) நோயாளிகள் 548 பேர்; மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் ஆசிலேட்டரில் 47%, சாதாரண வெண்டிலேட்டரில் 35%. பி.பி. ஏற்றும் மருந்து, மயக்க மருந்து, தசை தளர்த்தும் மருந்து எல்லாமே ஆசிலேட்டர் பக்கம்தான் அதிகம் தேவைப்பட்டன. அதே ஆண்டு பிரிட்டனின் ஆஸ்கர் ஆய்வில் 795 பேர். 30 நாள் இறப்பு இரண்டு இயந்திரத்திலும் சுமார் 41%, லாபமே இல்லை.

அப்புறம் ஏன் குழந்தைகளுக்கு மட்டும் இன்னும் வைக்கிறோம்? சர்ஃபாக்டன்ட் (நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி ஒட்டாமல் காக்கும் பொருள்) குறைந்த குழந்தையின் நுரையீரல் பெரும்பாலும் ஒரே சீராகச் சுருங்கியிருக்கும், விரித்துப் பிடித்தால் பலன் உண்டு. பெரியவர்களுக்கோ ஓரிடம் நீர் கோத்தும் இன்னோரிடம் திறந்தும் கிடக்கும், அழுத்தம் கொடுத்தால் நன்றாக இருக்கும் பகுதிதான் வீங்கும். ஆகவே பெரியவர்களுக்கு ஒரு மூச்சுக்கு, உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடையில் கிலோவுக்கு 6 மி.லி. கணக்கில் சாதாரண வெண்டிலேட்டரும் குப்புறப் படுக்க வைப்பதும்தான் என் தேர்வு. குழந்தைக்கு, சாதாரணமானது கைகொடுக்காதபோது ஆசிலேட்டர். வைத்த கையோடு எக்ஸ்ரே எடுத்து முதுகுப்பக்க விலா எலும்புகளை எண்ணுங்கள். உதரவிதானம் 8, 9-ஆவது விலாவில் இருந்தால் சரி, அதற்கும் கீழே இறங்கி இதயம் ஒல்லியாகத் தெரிந்தால் நுரையீரல் அளவுக்கு மீறி விரிந்திருக்கிறது, அதை விரித்துப் பிடிக்கும் சராசரி அழுத்தத்தை உடனே குறைக்க வேண்டும்.