வீட்டிலா, அணைப் பூங்காவிலா?

மகளுக்கு மூன்று வயது. அடுத்த தெருக் குழந்தையை முதல்முறையாக விளையாட அழைக்க நினைத்தபோது, வீட்டுக்கே வரச் சொல்வதா, இல்லை கிருஷ்ணகிரி அணைப் பூங்காவுக்குக் கூட்டிப் போவதா என்று குழம்பி, கடைசியில் இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன்.

பூங்காவில் பொம்மைச் சண்டை இல்லை. ஊஞ்சல், சறுக்குமரம் எல்லாம் பொது. ஆனால் தென்பெண்ணைத் தண்ணீர் பக்கத்தில் இருப்பதால் பிள்ளைகள்மேல் இருந்து கண்ணை எடுக்க முடியாது, அந்தக் குழந்தையின் அம்மாவோடு நான்கு வார்த்தை பேசக்கூட முடியவில்லை. சித்திரை வெயிலில் நினைத்தே பார்க்காதீர்கள்.

வீட்டில் சண்டை வரும், சரி. வந்த பத்தாவது நிமிடமே சொப்புச் சாமானில் இருந்த குட்டி இட்லிப் பானையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து, மூடி உருண்டு கட்டிலுக்கு அடியில் போய், இரண்டு பேரும் அழுகை. இந்த வயதில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவதுதான் இயல்பு, பகிரச் சொல்லித் திட்டாதீர்கள். குழந்தைக்கு உயிரான பொம்மையை முன்பே பீரோவில் வைத்துவிட்டு, மற்றதை இரண்டிரண்டாகப் பரப்புங்கள். ஒன்றரை மணி நேரம் தாராளம், தூக்க நேரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். அப்புறம் தின்பதற்கு முழு வேர்க்கடலையும் முழு திராட்சையும் வேண்டவே வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நம்மூர் மாம்பழத்தைத் தோல் சீவி, மெல்லிசாக நறுக்கிக் கொடுங்கள், போதும்.

முதல் தடவைக்கு வீடுதான் என்பேன். பூங்காவுக்கு, இருவரும் நன்றாகப் பழகிய பிறகு ஒரு மார்கழி மாலையில் போகலாம்.